ஆயில் மாற்றினீர்களா என்று கேட்பதற்கு முன்

வாரன்டிக் காலத்துக்குள் ஒரு காரின் இன்ஜின் பழுதானால், சர்வீஸ் சென்டரில் உரிமையாளரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: ஆயிலைச் சரியான நேரத்தில் மாற்றினீர்களா? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நடைமுறையில் அது சீக்கிரமே தீர்ப்பாக மாறிவிடுகிறது. ஒரு சர்வீஸ் பில்லைக் காணோம், ஒருமுறை ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி மாற்றியிருக்கிறார், பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் விட்டிருக்கிறார். இவற்றில் ஒன்று கிடைத்தால் போதும், 'பராமரிப்புக் குறைபாடு' என்று எழுதி விஷயத்தை முடித்துவிடலாம். இன்ஜினை இறக்கிப் பிரித்துச் சரிசெய்வதற்கோ புது இன்ஜின் வைப்பதற்கோ ஆகும் லட்சக்கணக்கான ரூபாய் அதோடு உரிமையாளர் தலையில் விழுகிறது. ஆனால் கடந்த 25 ஆண்டுகளில் உலகின் பெரிய கார் கம்பெனிகளைச் சுற்றி எழுந்த இன்ஜின் ஆயில் தகராறுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அந்த முதல் சந்தேகம் பலமுறை தவறான ஆளின் மேல் பாய்ந்திருப்பது தெரிகிறது. அதனால் வாரன்டியை மறுக்கிறவர்தான் காரணத்தை நிரூபிக்க வேண்டும். உரிமையாளர் தன்னைக் குற்றமற்றவர் என்று நிரூபிக்கும் வரை காத்திருக்கும் இன்றைய வழக்கம் மாற வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள, ஆயில் இன்ஜினுக்குள் என்ன செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் கிராங்க் ஷாஃப்ட் அதன் பேரிங்குகளை நேரடியாகத் தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் சில மைக்ரான் தடிமனுள்ள ஆயில் படலம் இருக்கிறது. அந்தப் படலத்தின் மேல்தான் ஷாஃப்ட் மிதந்து சுழல்கிறது. ஆயில் ஓட்டம் சில நொடிகள் தடைப்பட்டாலே உலோகம் உலோகத்தை உரசி, பேரிங் தேய்ந்து, இன்ஜின் தட்டத் தொடங்கும். பிறகு ஒரேயடியாக ஜாம் ஆகிவிடும். உராய்வைத் தடுப்பதோடு ஆயிலுக்கு வேறு வேலைகளும் உண்டு. பிஸ்டனின் சூட்டை வாங்கிக் கீழே கொண்டுவர வேண்டும். எரிபொருள் எரியும்போது உண்டாகும் கரியையும் அமிலத்தையும் தனக்குள் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும். இதற்காகவே அதில் பல ரசாயனங்களைக் கலக்கிறார்கள். அவை தீர்ந்தபின்னும் ஆயில் ஓடிக்கொண்டிருந்தால், அது கெட்டியாகித் தார் போன்ற கசடாக மாறி, ஆயில் பம்ப்புக்கு முன்னால் இருக்கும் வலையை அடைத்துவிடும். காலம் கடந்தும் ஆயில் மாற்றாத உரிமையாளரால் இது நேரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆயில் கெடுவதற்கு வேறு வழிகளும் இருக்கின்றன. இன்ஜினின் ஒரு பகுதி வடிவமைப்பிலேயே அளவுக்கு மீறிச் சூடானால் ஆயில் அங்கே சீக்கிரம் வெந்துபோகும். பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசியும் வாயுக்களை வெளியேற்றும் அமைப்பு சரியில்லை என்றால் நீராவியும் எரிபொருள் ஆவியும் ஆயிலோடு கலக்கும். பிஸ்டன் ரிங் சரியாக ஆயிலை வழிக்காவிட்டால் அது மேலேறி எரிந்து குறையும். கடைசியில் இன்ஜினைப் பிரித்தால் இவை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான் தெரியும்: கறுப்புக் கசடு, தேய்ந்த பேரிங், வறண்ட ஆயில் சேம்பர். அந்தக் காட்சியை வைத்து மட்டும் யார் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது.

டொயோட்டாவின் கதையை முதலில் எடுத்துக்கொள்ளலாம். நீண்ட காலம் உழைக்கும் கார் என்ற பெயரைச் சம்பாதித்த கம்பெனி அது. 1997 முதல் 2002 வரையிலான மாடல்களில் வந்த 3.0 லிட்டர் வி6 இன்ஜினும் 2.2 லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜினும் கசடு பிடித்துப் பழுதாவதாக அமெரிக்காவில் புகார்கள் கிளம்பின. உரிமையாளர்கள் ஆயிலை ஒழுங்காக மாற்றாததுதான் காரணம் என்று கம்பெனி தொடக்கத்தில் வாதிட்டது. மாற்றினோம் என்று சொன்னவர்கள் பில் காட்ட முடியாமல் தவித்தார்கள். பில் வைத்திருந்தவர்களோ அதன் பிறகும் வாதாட வேண்டியிருந்தது. 2002-ல் டொயோட்டா தன் நிலையை மாற்றிக்கொண்டது. ஏறத்தாழ 33 லட்சம் டொயோட்டா, லெக்ஸஸ் கார்களுக்கு, கசடினால் வரும் பழுதை, வாங்கிய நாளிலிருந்து 8 ஆண்டுகள் வரை, எத்தனை மைல் ஓடியிருந்தாலும் சரிசெய்து தருவதாக அறிவித்தது. முறையாகப் பராமரிக்க முயன்றதற்கு ஓரளவு சான்று இருந்தாலே போதும் என்று நிபந்தனையையும் தளர்த்தியது. கூட்டு வழக்கு ஒன்று 2007-ல் உடன்பாட்டில் முடிந்தது. இதற்கிடையில் சாதாரண ஓட்டத்துக்கு 7,500 மைலுக்கு ஒருமுறை என்றிருந்த ஆயில் மாற்றும் கெடுவை டொயோட்டா 5,000 மைலாகக் குறைத்தது. அதாவது சுமார் 12,000 கிலோமீட்டர் 8,000 கிலோமீட்டராக இறங்கியது. குறைபாட்டைக் கம்பெனி வாய்விட்டு ஒப்புக்கொள்ளவில்லை என்பது உண்மைதான். ஆனால் பழைய கையேட்டில் அச்சிட்டிருந்த கெடுவை அப்படியே நம்பிக் கடைப்பிடித்தவர் மேல் பராமரிப்புக் குறைபாடு என்ற பழியைச் சுமத்த அதன் பிறகு என்ன நியாயம் மிஞ்சியது?

கசடை விடப் பரவலான இன்னொரு தொல்லை, இன்ஜின் ஆயில் குடிப்பது. புகை அதிகம் தெரியாது, கசிவும் இருக்காது. டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால்தான் மட்டம் இறங்கியிருப்பது தெரியும். அமெரிக்காவில் விற்ற 2007 முதல் 2009 வரையிலான டொயோட்டா கேம்ரி போன்ற கார்களின் 2.4 லிட்டர் இன்ஜினில் பிஸ்டனும் ஆயிலை வழிக்கும் ரிங்கும் இந்தத் தொல்லைக்குக் காரணமாயின. 2011-ல் இதைச் சரிசெய்யும் முறையைக் கம்பெனி தன் டீலர்களுக்குத் தெரிவித்துவிட்டது. உரிமையாளர்களுக்கான வாரன்டி நீட்டிப்போ 2015-ல்தான் வந்தது. அந்த இடைவெளியில் சாதாரண வாரன்டி முடிந்து போனவர்கள் ஏராளம். அதோடு, பழுது என்று ஏற்றுக்கொள்ள ஒரு சோதனை வைத்தார்கள். 1,200 மைல் ஓடுவதற்குள் ஒரு குவார்ட்டுக்கு மேல் ஆயில் குறைந்தால்தான் பிஸ்டன் மாற்றித் தரப்படும். ஒரு குவார்ட் என்பது ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. 1,200 மைல் என்பது சுமார் 1,930 கிலோமீட்டர். இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். அந்த வரம்பைத் தொட்டும் தாண்டாமல் ஆயில் குடிக்கும் ஒரு கார், 8,000 கிலோமீட்டர் ஓடுவதற்குள் 3.9 லிட்டரைத் தீர்த்துவிடும். அந்த இன்ஜின் பிடிக்கும் மொத்த ஆயிலே நான்கு லிட்டரை ஒட்டித்தான். ஆக, கையேட்டில் சொன்ன கெடுவை ஒரு நாளும் மீறாமல் ஆயில் மாற்றுகிற ஒருவர், நடுவில் ஊற்றிக்கொண்டே இருக்காவிட்டால், காலி சேம்பரோடு ஓட்டிக்கொண்டிருப்பார். சோதனையின் பார்வையில் அந்தக் கார் நல்ல கார்தான்!

இது ஒரு கம்பெனியோடு நிற்கவில்லை. அமெரிக்க நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2015-ல் ஏறத்தாழ 5 லட்சம் கார்களின் உரிமையாளர்கள் தந்த தகவலை ஆராய்ந்து வெளியிட்டது. பெரும்பாலான புதுக் கார்களுக்கு இரண்டு ஆயில் மாற்றங்களுக்கு நடுவில் ஊற்ற வேண்டிய தேவையே வருவதில்லை என்றும், ஆவுடி, பிஎம்டபிள்யூ, சுபாரு கம்பெனிகளின் குறிப்பிட்ட சில இன்ஜின்கள் மட்டும் அளவுக்கு மீறிக் குடிக்கின்றன என்றும் அது காட்டியது. இந்தக் கம்பெனிகளோ ஆயில் குறைவது இயல்புதான் என்றன. சில மாடல்களுக்கு 600, 700 மைலுக்கு ஒரு குவார்ட் குறைந்தாலும் ஏற்கத்தக்கது என்பது அவற்றின் அளவுகோல். ஒரே காலத்தில், ஒரே சந்தையில், மற்ற கம்பெனிகளின் இன்ஜின்கள் ஒரு சொட்டும் கேட்காமல் ஓடிக்கொண்டிருக்கும்போது இதை எப்படி இயல்பு என்று ஏற்பது? எது இயல்பு என்பதைச் செலவு செய்ய வேண்டியவரே வரையறுத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. சுபாரு மீதான கூட்டு வழக்கு 2016-ல் உடன்பாட்டுக்கு வந்தது. சம்பந்தப்பட்ட கார்களுக்கு 5 ஆண்டு, 60,000 மைல் என்றிருந்த வாரன்டி, ஆயில் குடிக்கும் பழுதுக்கு 8 ஆண்டு, 1,00,000 மைலாக நீண்டது. வழக்குப் போட்ட பிறகுதான் இயல்பு என்ற சொல் இறங்கிவந்தது.

இவை எல்லாவற்றையும் விட என்னை அதிகம் உறுத்துவது ஹூண்டாய், கியா கம்பெனிகளின் தீட்டா 2 இன்ஜின் விவகாரம். அமெரிக்காவில் 2011-ம் ஆண்டு மாடல் முதல் வந்த 2.0, 2.4 லிட்டர் பெட்ரோல் இன்ஜின்களில், கிராங்க் ஷாஃப்ட்டைக் கடையும்போது உதிர்ந்த உலோகத் துகள்கள் முழுமையாகச் சுத்தம் செய்யப்படாமல் தங்கிவிட்டன. அவை ஆயில் போகும் வழியை அடைத்தன. கனெக்டிங் ராடு பேரிங் ஆயில் கிடைக்காமல் தேய்ந்தது. ஓடிக்கொண்டிருந்த கார்கள் நெடுஞ்சாலையில் நின்றன, சில தீப்பிடித்தன. 2015 செப்டம்பரில் ஹூண்டாய் 4.7 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அது போதவில்லை. 2017-ல் இரு கம்பெனிகளும் சேர்ந்து மேலும் சுமார் 12 லட்சம் கார்களை அழைத்தன. இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்ததுதான் முக்கியம். ஹூண்டாயின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் நீண்ட காலம் வேலை பார்த்த கிம் குவாங்-ஹோ என்ற பொறியாளர், கம்பெனி குறைபாட்டின் அளவை மறைக்கிறது என்று 2016-ல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பிடம் ஆவணங்களோடு போய்ச் சொன்னார். அவர் வேலையை இழந்தார். 2020 நவம்பரில் இரு கம்பெனிகளும், திரும்ப அழைப்பதில் தாமதம் செய்ததற்காகவும் சரியான தகவல் தராததற்காகவும், மொத்தம் 21 கோடி டாலர் மதிப்புள்ள அபராத உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அடுத்த ஆண்டு கிம்முக்கு 2.4 கோடி டாலருக்கு மேல் வெகுமதி கிடைத்தது. ஒரு பொறியாளர் தன் பிழைப்பைப் பணயம் வைத்து ஆவணங்களை வெளியே எடுத்து வந்தபோதுதான் குறைபாட்டின் முழு அளவு வெளிப்பட்டது என்றால், ஒரு மாதச் சம்பளக்காரர் தன் ஒரே காரை வைத்துக்கொண்டு அதே உண்மையை எப்படி நிரூபித்திருப்பார்? அவருக்கு உற்பத்தித் தரவு தெரியாது, இதே பழுதோடு எத்தனை கார்கள் வந்தன என்று தெரியாது, இன்ஜினைப் பிரித்துப் பார்க்கும் கருவியும் கிடையாது. கம்பெனியிடம் இவை அனைத்தும் இருக்கின்றன. இந்த இன்ஜின் தொடர்பாக உரிமையாளர்கள் தொடுத்த கூட்டு வழக்கின் உடன்பாட்டில் அந்த பேரிங் பழுதுக்கு ஆயுட்கால வாரன்டி தரப்பட்டபோது, அதை மறுக்க வேண்டுமானால் சாதாரண அலட்சியம் போதாது, நீண்ட காலம் கைவிட்டது போன்ற மிக மோசமான புறக்கணிப்பு தெரிய வேண்டும் என்று வரம்பு கட்டினார்கள். என் கண்ணில் இது அந்த உடன்பாட்டின் மிகப் பெரிய பலன். ஒரு பில் காணவில்லை என்பதற்கும் இன்ஜினைக் கெடுத்தார் என்பதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தை அது ஏற்றுக்கொண்டது.

அண்மைச் சான்று 2025 ஏப்ரலில் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் 6.2 லிட்டர் வி8 இன்ஜின் கொண்ட, 2021 முதல் 2024 வரையிலான பெரிய கார்களையும் பிக்-அப் வண்டிகளையும் அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 6 லட்சம் அளவுக்குத் திரும்ப அழைத்தது. கனெக்டிங் ராடு, கிராங்க் ஷாஃப்ட் பாகங்களின் உற்பத்திக் குறைதான் காரணம். சோதனையில் தேறாத வண்டிகளுக்கு இன்ஜினைச் சரிசெய்தோ மாற்றியோ தர வேண்டும். தேறியவற்றுக்கு அதுவரை போட்டுவந்த 0டபிள்யூ-20 ஆயிலுக்குப் பதிலாக, சூட்டில் அதைவிடக் கனமாக நிற்கும் 0டபிள்யூ-40 ஆயிலை ஊற்றி, ஆயில் மூடியையும் கையேட்டையும் மாற்றித் தந்தார்கள். நேற்று வரை கையேட்டில் எழுதியிருந்த ஆயிலைத் தவிர வேறு ஊற்றினால் உரிமையாளர் தவறு; இன்று அந்த ஆயிலையே கம்பெனி மாற்றுகிறது. மெல்லிய ஆயில் எரிபொருளைச் சற்று மிச்சப்படுத்தும் என்பதால் பல கம்பெனிகளும் அதன் பக்கம் போயிருக்கின்றன; அதனால் எல்லா மெல்லிய ஆயிலும் கெடுதல் என்று சொல்ல வரவில்லை. ஆயிலின் தரமும் கெடுவும் கம்பெனி எடுத்த முடிவுகள், அவற்றின் பின்விளைவும் கம்பெனியைச் சேர்ந்தது என்பதுதான் என் வாதம். 2018-ல் குளிர்ப் பகுதிகளில் ஹோண்டாவின் 1.5 லிட்டர் டர்போ இன்ஜினில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியது. எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்ததுதான் காரணம். ஹோண்டா மென்பொருளை மாற்றி வாரன்டியையும் நீட்டியது. நம் ஊர் டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை மாசு விதி வந்தபின், புகைக்கரியை வடிக்கும் ஃபில்டரைச் சுத்தம் செய்ய இன்ஜின் கூடுதல் டீசலைப் பீய்ச்சுகிறது. நகர நெரிசலில் குறுகிய தூரமே ஓடும் காரில் அந்தச் சுத்திகரிப்பு பாதியில் நின்று, டீசல் சிலிண்டர் சுவர் வழியே வழிந்து ஆயிலில் சேர்கிறது. ஆயில் நீர்த்துப்போகிறது. இந்த உரிமையாளர் செய்த தவறு என்ன? அலுவலகம் பக்கத்தில் இருப்பதா?

எதிர்வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆயில் மாற்றாமலே ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்தபின்னும் வீடு வரை போய்விடலாம் என்று ஓட்டி இன்ஜினைக் கொன்றவர்களும் உண்டு. அந்தச் சிவப்பு விளக்கு ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டதைச் சொல்வது. அது எரியும்போது பேரிங் ஏற்கெனவே காய்ந்துகொண்டிருக்கும். இவர்களின் செலவைக் கம்பெனி ஏற்றால், அது கார் விலையில் ஏறி, ஒழுங்காகப் பராமரிப்பவர் தலையில் விடியும் என்பது நியாயமான கவலை. ஆனால் அலட்சியக்காரரைக் கண்டுபிடிக்கும் வழி கம்பெனியிடம் தாராளமாக இருக்கிறது. எடுத்த ஆயிலைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினால், அமிலத்தை முறிக்கும் சக்தி எவ்வளவு மிச்சமிருக்கிறது, எரிபொருள் எவ்வளவு கலந்திருக்கிறது, கூலன்ட் கசிந்ததா, எந்த உலோகம் எவ்வளவு தேய்ந்து வந்திருக்கிறது, காற்று ஃபில்டர் வழியே தூசி நுழைந்ததா என்பதெல்லாம் தெரிந்துவிடும். காரின் கணினி எச்சரிக்கைகளைப் பதிந்துவைக்கிறது. மாதக்கணக்கில் பழசான ஆயிலால் தேய்ந்த இன்ஜினுக்கும், ஒரு துளை அடைத்து ஒரே ஒரு பேரிங் மட்டும் எரிந்த இன்ஜினுக்கும் உள்ள வேறுபாடு அனுபவமுள்ள மெக்கானிக்கின் கண்ணுக்கே தெரியும். ஆகவே நான் கேட்பது எல்லோருக்கும் இலவச இன்ஜின் அல்ல. மறுக்கும்போது சோதித்து, காரணத்தை எழுதி, சான்றோடு மறுங்கள் என்பதுதான். பில் இல்லை என்பது ஒரு தடயம்; அதைக் காரணமாக எழுதக் கூடாது.

வெளி மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றினால் வாரன்டி போய்விடும் என்ற பயமுறுத்தலைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதில் சட்டம் ஏற்கெனவே பேசியிருக்கிறது. அமெரிக்காவில் 1975-ம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் வாரன்டிச் சட்டம், குறிப்பிட்ட பிராண்டு பாகத்தையோ சேவையையோ இலவசமாகத் தராமல் அதைப் பயன்படுத்தினால்தான் வாரன்டி என்று நிபந்தனை போடுவதைத் தடை செய்கிறது. வெளியே செய்த வேலையால்தான் பழுது என்றால் அதைக் கம்பெனி காட்ட வேண்டும். இந்தியாவில் 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் மாருதி, டாடா, மஹிந்திரா, டொயோட்டா, ஹோண்டா உள்ளிட்ட 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் தகவலையும் வெளிச் சந்தைக்கு விடாமல் அடைத்துவைத்ததுதான் முக்கியக் குற்றச்சாட்டு. அதே உத்தரவில், வெளியே பழுது பார்த்தார் என்பதற்காக வாரன்டி முழுவதையும் ரத்து செய்யும் பொத்தாம்பொதுவான நிபந்தனை கூடாது, வெளியே செய்த தவறான வேலையால் நேர்ந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் ஆணையம் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின, அபராதம் பற்றிய சண்டை நீண்டது. ஆனாலும் அந்த வரியில் இருக்கும் நியாயம் தெளிவானது. கம்பெனித் தரப்பில் இதற்கு ஒரு வலுவான பதில் உண்டு: சந்தையில் போலி ஆயில் புழங்குகிறது, பெயர்போன பிராண்டுகளின் பழைய டப்பாவிலேயே நிரப்பி விற்கிறார்கள், அதற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பேற்பது? பொறுப்பேற்க வேண்டாம். போலி ஆயில் என்பதும் சோதனைக்கூடத்தில் தெரிந்துவிடும் ஒன்றுதான். தெரிந்தால் தாராளமாக மறுக்கலாம். சோதிக்காமலே போலி என்று ஊகிப்பதைத்தான் ஏற்க முடியாது.

நம் நாட்டில் சிக்கல் இன்னும் ஒரு படி ஆழமானது. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உற்பத்திக் குறை, வடிவமைப்புக் குறை, போதிய எச்சரிக்கை தராமை ஆகியவற்றுக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகிறது. காகிதத்தில் நல்ல சட்டம். ஆனால் வழக்கு என்று போனால், உற்பத்திக் குறை என்று சொல்கிறவர்தான் நிபுணர் அறிக்கையோடு அதை நிரூபிக்க வேண்டும் என்பது நுகர்வோர் ஆணையங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் நிலைப்பாடு. பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்கான கட்டணத்தைப் புகார்தாரரையே கட்டச் சொல்லவும் சட்டம் இடம் தருகிறது. கார் ஏற்கெனவே கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் நிற்கும், இன்ஜினைப் பிரித்தவர்களும் அவர்களே, பழைய ஆயிலைக் கீழே கொட்டியவர்களும் அவர்களே. தடயம் முழுவதும் எதிர்த்தரப்பின் கையில் இருக்க, நிரூபிக்கும் சுமை மட்டும் உரிமையாளரிடம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள விதி இதற்கு நேர்மாறு: வாங்கிய ஓராண்டுக்குள் குறை வெளிப்பட்டால், அது விற்கும்போதே இருந்ததாகத்தான் கருத வேண்டும், இல்லை என்றால் விற்றவர் நிரூபிக்க வேண்டும். உறுப்பு நாடுகள் விரும்பினால் அதை இரண்டு ஆண்டாக நீட்டிக்கொள்ளலாம். அப்படி ஒரு விதியால் அங்கே கார் தொழில் சாய்ந்துவிடவில்லை. இந்திய நுகர்வோர் சட்டத்தில், குறைந்தபட்சம் வாரன்டிக் காலத்துக்குள் வரும் இன்ஜின் பழுதுக்காவது, இதே அனுமானத்தைச் சேர்க்க வேண்டும். அதோடு, ஆயில் காரணம் என்று கிளெய்மை மறுக்கும் ஒவ்வொரு தடவையும் மூடி முத்திரையிட்ட ஆயில் மாதிரி ஒன்று உரிமையாளருக்கும் தரப்பட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் பாதித் தகராறு வாசலிலேயே தீர்ந்துவிடும்.

சட்டம் மாறும் வரை உரிமையாளர் தன்னைத்தானே காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மாதம் ஒருமுறை, சமதரையில், இன்ஜின் அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். மட்டம் இறங்கினாலும் கவனியுங்கள், ஏறினாலும் கவனியுங்கள். இரண்டில் எது தெரிந்தாலும் வாரன்டிக் காலத்திலேயே அதை ஜாப் கார்டில் எழுதவைத்து நகல் வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்ன புகார் பின்னால் எங்கும் இருக்காது. ஆயில் எங்கே மாற்றினாலும், என்ன கிரேடு, எத்தனை லிட்டர், அப்போது மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்ற விவரங்களோடு பில் கேளுங்கள். ஆயில் விளக்கு எரிந்தால் ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள். மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். இன்ஜின் பழுதாகி கிளெய்ம் மறுக்கப்பட்டால், வாரன்டியின் எந்த நிபந்தனைப்படி, எந்தச் சோதனையின் முடிவில் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். இன்ஜினைப் பிரிக்கும்போது கூட இருந்து படம் எடுங்கள், ஆயிலில் கொஞ்சம் சுத்தமான பாட்டிலில் வாங்கி வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 50 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருள்களுக்கு வழக்குத் தொடுக்கலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தொடுத்துவிட வேண்டும்.